நாலாம் குறுக்குத் தெரு விஞ்ஞானி

கொழும்பு, புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரம் செய்யும் முதலாளியிடம் போய், "நீங்கள் விஞ்ஞானிதானே?" என்று கேட்டால், கடனுக்குச் சாமான் கேட்க வந்த ஆளோ என்று முதலில் சந்தேகப்படுவார். அந்தச் சந்தேகமே போதும், அவர் விஞ்ஞானிதான். அரிசி மூட்டை வந்திறங்கினால் அதன் மேல்வாயை அவர் பார்ப்பதேயில்லை. நல்லதை மேலே போட்டுக் கட்டும் வித்தை அவருக்கும் தெரியும். குத்தூசியை மூட்டையின் வயிற்றில் ஏற்றி, கொட்டும் அரிசியை உள்ளங்கையில் பரப்பி, குருணையும் கல்லும் பார்த்து, இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பார். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசிந்தால் ஈரம். ஒரு மூட்டையோடு விடவும் மாட்டார். லொறியின் அடி அடுக்கிலிருந்து இன்னொன்றை நாட்டாமை இழுத்துப் போட்டாக வேண்டும். செத்தல் மிளகாயைக் காதோரம் பிடித்துக் குலுக்குவார். தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய மிளகாயில் விதை கிலுங்காது. 2020இல் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டு விலை எகிறியபோது, தூளைத் தொடாமல் கிழங்கை உடைத்து உள்நிறம் பார்த்தே வாங்கினார். பல்கலைக்கழகத்தில் மாதிரி எடுத்தல், பரிசோதனை, ஐயம் என்று தனித்தனிப் பாடமாக நடத்துவதெல்லாம் இவருக்குக் கைப்பழக்கம்.

ஆனால் இந்த விஞ்ஞானம் சாமானோடு நின்றுவிடுகிறது. கடை வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கோத்துத் தொங்குகின்றன. அது தொங்காத வாரத்தில் வியாபாரம் குறைந்ததா என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம் என்பதால் காசோலை எழுதமாட்டார். அந்த நேரத்தில் யாராவது கொண்டுவந்து தந்தால் மறுத்ததும் கிடையாது. ராகுவுக்குக் கொடுக்கல்தான் ஆகாது, வாங்கல் ஆகும். சாத்திரியார் சொன்ன பத்தில் பலித்த ஒன்றைப் பத்து வருடமாகப் பிளேன்டீயோடு பரிமாறுவார். பலிக்காத ஒன்பதும் மூட்டையின் அடியில் கிடக்க, மேல்வாயை மட்டும் பார்த்து மயங்குகிறார். அரிசிக்கு எடுத்த குத்தூசியைச் சாத்திரியாரிடம் எடுப்பதில்லை.

படிப்பு இல்லாததால் வந்த வினை என்று வெள்ளவத்தைப் பக்கத்துப் படித்தவர்கள் சொல்வார்கள். அப்படியானால் 2020 டிசம்பரில் கேகாலையில் தேனும் சாதிக்காயும் சேர்த்த கொரோனாப் பாணிக்கு ஆயிரக்கணக்கில் முண்டியடித்த கூட்டத்தை எப்படி விளக்குவது? அந்தப் பாணியைப் பகிரங்கமாகக் குடித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி. அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியானது. குறை படிப்பில் இல்லை, கணக்கில். அரிசியில் ஏமாந்தால் அன்று மாலையே கல்லாப்பெட்டி சொல்லிவிடும். சாத்திரம் பொய்த்தால் சொல்ல எந்தப் பேரேடும் இல்லை. "பரிகாரத்தில் குறை" என்று நட்டத்தை வாடிக்கையாளர் தலையிலேயே எழுதிவிடலாம். வெள்ளவத்தை பாமன்கடையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்த்தார். ஏமாற்ற வழியில்லாத நிபந்தனையில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அறிவித்தார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தக் காசு கைமாறவில்லை. சாமானைக் காட்டு, பிறகு காசு என்பது புறக்கோட்டைச் சட்டம். கோவூர் புதிதாக எதையும் கேட்கவில்லை.

தேசிக்காய் என்ன விலை, மனசுக்கு ஒரு தெம்புதானே என்று கேட்கலாம். நியாயம்; தேசிக்காய் தொங்கட்டும். ஆனால் வாய்க்கு ருசியான நம்பிக்கை மலிவான இடத்தோடு நிற்பதில்லை. மகளின் கலியாணத்தைச் செவ்வாய் தோஷம் மூன்று வருடம் தள்ளிப்போடுகிறது. நெஞ்சுவலிக்கு வைத்தியசாலைக்குப் போகுமுன் நூல் கட்டப்படுகிறது. ஒரு பிடி அரிசியைக்கூடக் கடித்துப் பார்ப்பவர், வாழ்க்கையின் மிகப் பெரிய கொள்வனவுகளை மூட்டை பிரிக்காமலே எடுக்கிறார். "விஞ்ஞானமும் நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறதே" என்பது அவருடைய கடைசி வாதம். வண்டு விழுந்ததைக் கண்டதும் நேற்றைய விலையை மாற்றுபவரும் அவரேதான். பிழை தெரிந்தபின் பழைய விலையிலேயே நிற்பவனை அந்தத் தெருவில் ஒருவரும் நேர்மையாளன் என்று சொல்வதில்லை, விசரன் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே இவருக்குப் புதிதாக விஞ்ஞானம் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பி வாங்கி, இடப்பக்கம் சாத்திரியார் சொன்னது, வலப்பக்கம் நடந்தது என்று ஒரு வருடம் எழுதினால் போதும். கூட்டிக் கழிக்க அவரைவிடக் கெட்டிக்காரர் இல்லை. யோசனை அவருக்கும் பிடிக்கும். தலையை ஆட்டிவிட்டுச் சொல்வார்: "செய்யலாம் தம்பி. நல்லநாள் ஒன்று பார்த்துத் தொடங்குவோம்."