ஒரு சொட்டில் சிவக்கும் கல்பாசி

கேள்வி: மரப்பட்டையில் படரும் கல்பாசிகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்க, அவற்றை இனம் பிரிப்பது எவ்வாறு?

பதில்: முதலில் உருவம் பேசும், அது வாயடைத்து நிற்கும் இடத்தில் வேதியியல் பேசத் தொடங்கும். பூஞ்சையும் பாசியும் ஓருடலாகி வாழும் இவ்வுயிரிகளுக்கு லைக்கன்கள் என்று பெயர். செட்டிநாட்டுக் குழம்புக்கு மணமூட்டும் கல்பாசி, அவற்றுள் பார்மோட்ரிமா பேரினத்தைச் சார்ந்தது. அப்பேரினத்தில் டிங்க்டோரம் என்னும் சிற்றினத்தின் மேற்பரப்பில் ஐசிடியா எனப்படும் விரல்போன்ற நுண்புடைப்புகள் செறிந்திருக்க, பெர்லாட்டத்தின் மடல் விளிம்பிலோ, பாசிச் செல்களைப் பூஞ்சையிழைகள் பொதிந்த, சொரீடியா என்னும் மாவுத்துகள்கள் காணப்படும்.

ஆனால் அப்பேரினத்தின் மற்றொரு சிற்றினமான ரெட்டிகுலாட்டமும் சொரீடியா தாங்குகிறது. அதன் மேற்தோலில் வலைபோல் ஓடும் வெடிப்புகளை உருப்பெருக்கி காட்டிவிடும் என்றாலும், உறுதியான சான்று உள்ளேதான் இருக்கிறது. தோலைச் சுரண்டி, மெடுல்லா எனப்படும் வெண்ணிற உட்பகுதியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விட்டால், ஸ்டிக்டிக் அமிலம் கொண்ட பெர்லாட்டம் மஞ்சளாகவும் பின்னர் ஆரஞ்சாகவும் மாற, சலாசினிக் அமிலம் கொண்ட ரெட்டிகுலாட்டமோ மஞ்சளாகிப் பின் இரத்தச் சிவப்பாகும். டிங்க்டோரம் இக்கரைசலுக்கு மசிவதில்லை. அதிலுள்ள லெக்கனோரிக் அமிலத்தைச் சிவக்கவைப்பது சலவைத்தூள் கரைசலே. துணியை வெளுக்கும் பொருள் கல்பாசிக்குச் சாயமேற்றுவது வேதியியலின் அழகான விளையாட்டு. இச்சொட்டுச் சோதனைகளை 1866இல் அறிமுகப்படுத்தியவர் பின்லாந்தில் பிறந்த வில்லியம் நைலாண்டர். நிறம் ஐயம் தரும்போது, சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் மென்படல நிறப்பிரிகை முறை இன்று கைகொடுக்கிறது.