மடல் சேராமை இயல்: லைட்ஹவுஸ் குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பழவேற்காட்டுப் பாலத்தைக் கடந்தால், ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அதற்கு வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 கிளம்பியதிலிருந்து அங்கே செயற்கைக்கோள் ராக்கெட்டுகளை ஏவிக்கொண்டிருக்கிறார்கள். ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்ப ஓர் இணையச் செயலி எழுதப்பட்டதாகவும், ராக்கெட் போய்ச் சேர்ந்த பிறகும் மெயில் வந்து சேரவில்லை என்றும் ஆய்வு வசதிக்காகக் கொள்க. இக்கட்டுரையின் பொருள் அந்த மெயிலே. ராக்கெட்டைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

முதற்கண், சிக்கலுக்கான மூலபாடம்:

“தம்பி, மெயில் ஒண்ணும் வர்லியே.”

“அனுப்பிட்டதாத்தான் காட்டுதுண்ணே.”

இரு கூற்றும் முரண்படுவதாகத் தோன்றும். முரணில்லை; இரண்டும் மெய். எடுத்துக்காட்டாக, பிஹெச்பி மொழியின் மெயில் ஃபங்ஷன் ‘சரி’ என்று சொன்னால், அதே கணினியில் இருக்கும் அஞ்சல் நிரல் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டது என்று மட்டுமே பொருள். கடிதம் வாசலைத் தாண்டியதா என்பது அதற்குத் தெரியாது.

சேராமைக்குக் காரணம் கூறுவோர் மூன்று மரபினர். ‘ஸ்பாம்ல பாத்தீங்களா’ மரபினர் முதலாமவர். ‘சர்வர் பிரச்சினை’ மரபினர் இரண்டாமவர். எந்த சர்வர், என்ன பிரச்சினை என்று வினவினால் அவையடக்கம் கருதி மௌனம் காப்பர். ‘இன்னொரு வாட்டி அழுத்துங்க’ மரபினர் மூன்றாமவர். இவர்கள் முறைக்குப் பலன் இல்லாமல் இல்லை: கோளாறு சரியான அன்று ஒரே அறிவிப்பு ஏழு தடவை வந்து விழும்.

மூவரும் கண்டுகொள்ளாத சான்று ஒன்று உண்டு. 1982 ஆகஸ்டில் ஜோனதன் போஸ்டல் எழுதி வெளியிட்ட எஸ்எம்டிபி நெறிமுறைப்படி, மெயில் அனுப்பும் சர்வர் முதலில் முகமன் கூற வேண்டும். பிறகு அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை ஒப்பிக்க வேண்டும். கடைசி வரியில் ஒற்றைப் புள்ளி மட்டும் வைத்தால் கடிதம் முடிந்தது. ஒவ்வொரு பேச்சுக்கும் எதிர்முனை மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்லும். 2-இல் தொடங்கினால் சம்மதம். 4 என்றால் ‘அப்புறமா வா’. 5 என்றால் ‘முடியாது, போ’. 535 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 550 என்றால் பெரும்பாலும் அப்படியொரு அஞ்சல் பெட்டியே கிடையாது. நாற்பது ஆண்டுக்கு மேலாக சர்வர் காரணத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. அதைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்து கேட்பார்தான் இல்லை.

பதிலே வராமல், நேரம் தீர்ந்து இணைப்பு அறுந்தால்? அது வேறு நோய். பழவேற்காட்டு முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துவிட்டால், என்ஜின் எத்தனை நன்றாக ஓடினாலும் படகு கடலுக்குப் போகாது. இங்கே முகத்துவாரம் என்பது 25ஆம் எண் போர்ட். ஸ்பாம் தொல்லைக்கு அஞ்சி கூகுள் கிளவுட் அதைப் பெரும்பாலும் அடைத்தே வைத்திருக்கிறது. அமேசானிடம் விண்ணப்பித்துத்தான் திறக்க வேண்டும். 587 அல்லது 465 வழியாகப் போவதே நடைமுறை.

நேற்றுவரை போன மெயில் இன்று நின்றது என்பாரும் உளர். 2022 மே 30 முதல் தனிநபர் ஜிமெயில் கணக்கின் வழக்கமான கடவுச்சொல்லை வைத்துச் செயலிகள் உள்ளே நுழைவதை கூகுள் நிறுத்தியது. அன்று பல நிரல்கள் ஓரெழுத்தும் மாறாமலே பழுதாயின. இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, பதினாறு எழுத்து ‘ஆப் பாஸ்வேர்ட்’ வாங்குவதே பரிகாரம்.

இன்னொரு பிழை பணிவினால் நேர்வது. இணையத்தில் தொடர்புப் படிவம் நிரப்பியவரின் முகவரியையே அனுப்புநர் இடத்தில் போட்டுவிடுவார்கள். தன் பெயரில் வேறு சர்வரிலிருந்து வரும் கடிதத்தைத் திருப்பி அனுப்பும்படி யாஹூ 2014 ஏப்ரலிலேயே உலகுக்கு அறிவித்துவிட்டது. ஆகவே அனுப்புநர் இடத்தில் செயலியின் சொந்த டொமைன் முகவரியும், பதில் போக வேண்டிய இடத்தில் படிவம் நிரப்பியவரின் முகவரியும் இருக்கட்டும்.

தூரமும் காரணமாகலாம் என்பதற்கு மேற்கோள் உண்டு. 1990களில் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு பல்கலைக்கழகப் புள்ளியியல் துறைத் தலைவர், 500 மைலுக்கு அப்பால் மெயில் போகவில்லை என்று முறையிட்டார். அங்கே மெயிலைப் பராமரித்த ட்ரே ஹாரிஸ் நம்பாமல் சோதித்துப் பார்த்தார், உண்மை. பழைய சென்ட்மெயில் நிரல் புதிய அமைப்புக் கோப்பைப் புரிந்துகொள்ளாமல், காத்திருக்கும் நேரத்தைப் பூஜ்யமாக்கியிருந்தது. நடைமுறையில் அது சுமார் 3 மில்லிவினாடி. அதற்குள் ஒளி போகும் தூரம் 500 மைலைச் சற்றே தாண்டும். அக்கணக்கை இங்கே பொருத்தினால், லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பெங்களூருக்கு மெயில் போகும், டெல்லிக்குப் போகாது.

நமது மெயிலோ பாலத்தையே தாண்டவில்லை. ஆய்வு ஈண்டு லாக் கோப்பைத் திறக்கிறது. அறிவிப்புகள் அனைத்தும், பெறுநர் பெயரோடும் தேதியோடும், அதற்குள்ளேயே வரிசையாகக் கிடக்கின்றன. நம் செயலி எழுதப்பட்டது லாரவெல் என்னும் பிஹெச்பி சட்டகத்தில். அதன் 11ஆம் பதிப்பில் தொடங்கும் புதிய செயலி, மெயிலை வெளியே அனுப்பாமல் லாக்கில் எழுதிவைக்கும். அதுவே அதன் இயல்பு அமைப்பு. ஸ்பாமில் தேடியவர், சர்வரைப் பழித்தவர், ஏழு முறை அழுத்தியவர் மூவரும் தோற்றனர் என்க.

அமைப்புக் கோப்பில் ‘லாக்’ என்றிருக்கும் அந்த ஒரு வரியை எஸ்எம்டிபி என்று மாற்றினால் போதாது. வரிசையில் நிற்கும் மெயிலை எடுத்து அனுப்பும் வொர்க்கரையும் நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும். அதுவரை அது பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். மாற்றிய பிறகு முதல் மெயிலை உங்கள் முகவரிக்கே அனுப்பி, அஞ்சல் சர்வரின் லாக்கில் 250 வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் அண்ணனுக்குப் பதில் சொல்லுங்கள்.