இடித்துக் கட்டும் எழும்பூர்

எழும்பூர் ரயில் நிலையத்தில் வேலை எதுவும் நடக்காத காலம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஒரு சமயம் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு சமயம் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் புது வாசல் எழும்பியது. பிறகு மெட்ரோவுக்காகப் பூமியைக் குடைந்தார்கள். இப்போது எங்கு திரும்பினாலும் தகர வேலி.

மாயவரம் என்கிற மயிலாடுதுறைக்காரர்களான எங்களுக்குச் சென்னை என்றால் முதலில் எழும்பூர்தான். சிவப்பும் வெள்ளையுமாகக் குவிமாடங்களோடு நிற்கும் அந்தக் கட்டடம் 1908 ஜூனில் திறக்கப்பட்டது. ஹென்றி இர்வின் வடிவமைத்தார். சாமிநாத பிள்ளை என்ற ஒப்பந்ததாரர் 17 லட்சம் ரூபாய் செலவில் கட்டி முடித்தார். அந்த நாளில் கார் நேரே நடைமேடை ஓரம் வரை வந்து நிற்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் ரயில் பெட்டி.

ஆனால் அந்த ரயில் தெற்கே மட்டும்தான் போகும். எழும்பூரில் மீட்டர் கேஜ், சென்ட்ரலில் பிராட் கேஜ். அப்பாவுக்கு நாக்பூரில் வேலை. கோடை விடுமுறைக்கு அங்கே போக, விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி, பெட்டி படுக்கை, கூஜா, தூக்கம் கலையாத தம்பி எல்லாவற்றையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு சென்ட்ரலுக்குப் போவோம். பிறகு நாள் முழுக்க ஜி.டி. எக்ஸ்பிரஸுக்காகக் காத்திருப்பு. தண்டவாள அகலத்தில் முக்கால் மீட்டர்கூட இல்லாத வித்தியாசம், தெற்கிலிருந்து வந்த ஒவ்வொரு குடும்பத்தையும் அப்படித் தெருவில் இறக்கியது. அந்தக் காலம் போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தம் இல்லை.

பிராட் கேஜ் அகலப் பாதை எங்கள் பக்கமும் வர நாங்கள் கொடுத்த விலையும் பெரிது. விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை 2010-இல் மறுபடி திறக்கும்வரை சில ஆண்டுகள் எங்கள் ஊருக்கு அந்த வழியில் ரயிலே கிடையாது. பேருந்தில் வயதானவர்கள் முதுகு நோகப் போய்வந்தார்கள். இன்று திருச்சியில் ஏறினால் எழும்பூர் வழியாக ஹவுரா வரை ஒரே வண்டியில் போகலாம். அம்மா இருந்திருந்தால் நம்பியிருக்கமாட்டாள்.

ஒன்று மட்டும் எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது. அந்தக் கட்டடம் எந்த ரயிலுக்காக எழும்பியதோ அந்த ரயில் போய்விட்டது. மீட்டர் கேஜ் மின்சார வண்டிகளும் 2004-இல் நின்றன. கட்டடம் மட்டும் நிற்கிறது. 2022 மே மாதம் அடிக்கல் நாட்டிய புதிய திட்டத்திலும், ஏறத்தாழ 735 கோடி ரூபாய்ச் செலவில், அதைத் தொடாமல் சுற்றிக் கட்டுகிறார்கள். சென்ட்ரல் பக்கத்துப் பழைய சந்தையான மூர் மார்க்கெட் தீயில் கருகிப்போன இடத்தில் ரயில்வே கட்டடம் எழுந்ததைப் பார்த்த ஊரில், இது பெரிய காரியம்.

புதிய அமைப்பில் தண்டவாளங்களுக்கு மேலே அகலமான தளம் வருகிறது. வருகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் தனித்தனி வழி. நெரிசலைப் பார்த்தால் இது அவசியம் என்றே சொல்வேன். என் கவலை வேறு. அன்று ஒருவர் ஊருக்குப் போனால் பத்துப் பேர் நடைமேடையில் நிற்பார்கள். ஜன்னல் கம்பி வழியே பாட்டி முறுக்குப் பொட்டலத்தை நீட்டுவாள். முன்பதிவு இல்லாதவர்கள் மதியமே வந்து, மூட்டைக்கு மேல் தலை வைத்து, தூணோரம் படுத்துக் கிடப்பார்கள். நிலையம் அவர்களுக்கும் இடம் கொடுத்தது. புதிய நிலையம் கொடுக்குமா?

கட்டுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: கடைகளுக்கு அளந்து வைக்கும் சதுர அடியில் கொஞ்சத்தை, காசில்லாமல் உட்காரவும் படுக்கவும் ஒதுக்குங்கள். பக்கத்திலேயே குடிதண்ணீர்க் குழாய் வையுங்கள். வழியனுப்ப வரும் கிழவியை நடைமேடை வரை வர விடுங்கள்.