பொடக்காளிக்கு ஒரு டிசைனர்

ஏங்கண்ணு, தோட்டம் டிசைன் பண்ண ஆள் வந்துட்டாராமா? லேப்டாப்புல பச்சைப்பசேல்னு காட்டுனாராக்கும்? காட்டுவாரு. அதுல கறையான் ஏறுமா, ஆட்டுக்குட்டி வாய் வெக்குமா?

வீடு போக முன்னால நாலு முழம், பின்னால பொடக்காளி. அதுக்கொரு ‘தீம்’ வேணுமாமா. பாலித் தீவு மாதிரி இருக்கோணுமாமா. அங்க மழை கொட்டும் சாமி. நம்ம கோயமுத்தூருல வருசத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பேஞ்சா அது நல்ல வருசம். போரு எத்தனை அடின்னு கேட்டாரா? பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற ஆடிக்காத்து எந்தச் செவுத்துல மோதுதுன்னு பாத்தாரா? உங்க அம்மிச்சி படமெல்லாம் போடல. பாத்தரம் கழுவற தண்ணி போற எடத்துல வாழைய வெச்சாங்க. துணி காயற வெயில்ல கருவேப்பிலைய வெச்சாங்க. கொட்டேசன் குடுக்கத் தெரியாததால அவுங்க டிசைனர் ஆகல.

இப்ப மடகாஸ்கர்ல இருந்து அரிகா பாம், ஆஸ்திரேலியாவுல இருந்து பாக்ஸ்டெயில் பாம், தரைக்குக் கொரியன் புல்லு. அத்தனை ஒறம்பரைக்கும் தண்ணி ஊத்தறது ஆரு? அந்தப் புல்லை மாடு மேய முடியாது, புள்ளைக உருள முடியாது. நீதான் விடமாட்டியே!

மதில் ஓரமா கோனோகார்ப்பஸ் வெச்சாங்களே, நெனப்பிருக்கா? சட்டுனு வளரும், பக்கத்து வீட்டை மறைச்சிரும்னாங்க. மறைச்சுது. வேரு போயி தண்ணிக் குழாய்க்குள்ள எட்டிப் பாத்துது, மகரந்தம் மூக்குக்குள்ள போச்சு. 2023-ல குஜராத்துல தடை போட்டாங்க, 2025-ல நம்ம அரசாங்கமும் போட்டுருச்சு. வெச்சுக் குடுத்தவருக்கு என்ன நட்டம்? நட்டதுக்கு ஒரு கூலி, புடுங்கறதுக்கு ஒரு கூலி.

பொறவு மாசாமாசம் மெயின்டனன்ஸு. இதைச் சித்த நின்னு பாரு, சினிமாவே வேண்டாம். மெசினு வெச்சு எலையெல்லாம் ஊதித் தள்ளுவாங்க. கூட்டி, சாக்குல கட்டி, லாரியில ஏத்துவாங்க. அதே லாரியில இருந்து என்ன எறங்குது? மண்ணு வறண்டு கெடக்குதுன்னு கோகோபீட்டு! பொள்ளாச்சிப் பக்கம் கயிறு மில்லு ஓரத்துல மலையாட்டம் குமிஞ்சு, போறவன் வர்றவன் கண்ணுல தூசியா விழுந்த தேங்கா நார்க் கழிவு கண்ணு அது. இப்ப அஞ்சு கிலோக் கட்டியா அமுக்கி, பிளாஸ்டிக் சுத்தி வருது. உன்ற வீட்டு எலைய உன்ற செடிக்கடியிலயே மூடாக்காப் போட்டிருந்தா ஈரம் நின்னிருக்கும், மக்கி எருவாயிருக்கும். அதுக்கு ரசீது போட முடியாதே, என்ன பண்ணுவாங்க பாவம்.

கீழாநெல்லியும் மூக்கிரட்டையும் களையாம். புடுங்கிப் போட்டாச்சு. அடுத்த வாரம் நாட்டு மருந்துக் கடையில அதே பொடிய நீ வாங்குனதைப் பாத்தேன். பாக்காத மாதிரி போயிட்டேன்.

செடிகளையும் விடறதில்ல. எண்ணெய் வெச்சுப் படியச் சீவுன பள்ளிக்கூடப் புள்ளைகளாட்டம் எல்லாம் ஒரே உசரம். குண்டுமல்லிக்கு வருசத்துல ஒருக்கா, கார்த்திகை வாக்குல கவாத்துப் பண்ணுனாப் போதும். மாசாமாசம் வெட்டிப்போட்டு, ‘பூக்க மாட்டேங்குது, டானிக் அடிக்கோணும்’னா? அது பூக்கறதா, உசுரக் காப்பாத்தறதா?

மருந்தடிக்கற கதைய மட்டும் கேட்டுக்க. 2008-ல நம்ம ஊருப் பக்கந்தான் பப்பாளி மாவுப்பூச்சி மொதல்ல வந்துச்சு. பப்பாளி, செம்பருத்தி, மல்பெரின்னு ஒண்ணை விடல. அடிச்ச மருந்துக்கு அது அசையல. 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு பொடிக் குளவியக் கொண்டாந்து விட்டாங்க. கண்ணை இடுக்கிப் பாத்தாத்தான் தெரியும். அது மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை வெச்சு, அதை அடக்கிப் போட்டுருச்சு. உன்ற ஆளு பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து அடிக்கற மருந்துல மொதல்ல சாகறது ஆருன்னு நெனைக்கறே?

ஆளே வேண்டாம்னு நான் சொல்லல. தென்னை ஏற, பெரிய கெளையக் கழிக்க, வேலை தெரிஞ்சவரைக் கூப்பிடு, கூலியும் நல்லாக் குடு. தெனமும் காலைல காப்பியோட ஒரு நடை நீ போயி எலையத் திருப்பிப் பாரு. அதுக்கும் ஒரு ஆப்பு வந்திருக்குமாக்கும்?

ஆமா, மூலையில புத்தர் தலை ஒண்ணு வெச்சிருக்கீங்களாமே, கொட்டேசன்ல அதுக்குத் தனி வெலையாமே. ஒடம்பு அடுத்த மாசப் பில்லுலயா கண்ணு?