தராசு போதும்

கேள்வி: தோட்டத்துக் கல்யாணங்களில் நலம் விசாரிக்கும் முன்பே, "என்னம்மா, இப்படி ஊதிட்டே?" என்கிறார்கள். அக்கறையில்தானே கேட்கிறார்கள்? பிறகு எனக்கு ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது?
(வாசகி, ஜாசின், மலாக்கா)

பதில்: எடையைச் சொல்லத் தராசு போதும், தாய்மாமன் வேண்டாம். மலேசியாவின் 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். உங்களைக் கேட்டவரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம்! மனச்சோர்வும் 2019-இல் 2.3 விழுக்காடாக இருந்து 2023-இல் 4.6 ஆகியிருக்கிறது. எடைக்காகக் கேலிக்கு ஆளாகிறவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் காணப்படுகின்றன. கூனிக் குறுகிய மனம் நடைப்பயிற்சிக்கும் வராது, கிளினிக்குக்கும் வராது. சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டாயம் பாருங்கள். அதற்கு இடம் கல்யாணப் பந்தியல்ல, மருத்துவர் அறை. தூக்கமின்மை நீடித்தால் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐத் தயங்காமல் அழையுங்கள்.