பச்சைப் புள்ளி போதுமா?

கேள்வி: பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் முழுக்க முழுக்கத் தாவர உணவுதானே?

பதில்: இல்லை. பால், நெய், தேன் எல்லாமே பச்சைப் புள்ளிக்குள் அடக்கம். இவையும் வேண்டாம் என்றால் 'வி' எழுத்தும் சிறு இலையும் கொண்ட பச்சை முத்திரையைத் தேடுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வீகன் உணவுக்கென்றே தனி விதிமுறை கொண்டுவந்தது.

கேள்வி: இட்லி, சாம்பார் சாப்பிடுகிறவர்கள் எதைத்தான் மாற்ற வேண்டும்?

பதில்: சாம்பாரை நெய்யில் தாளித்தீர்களா? சிக்கல் அவ்வளவுதான்! புட்டு, சுண்டல், தேங்காய்ப்பால் ஊற்றிய இடியாப்பம், கோவில்பட்டி கடலைமிட்டாய் எல்லாம் ஏற்கெனவே நம் பக்கம். பொங்கலில் நெய்யும் குழம்பில் மோரும்தான் இடறும். பருப்புப் பாயசத்துக்கு என்றைக்கும் தேங்காய்ப்பால்தான் உயர்வு. இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். சோயாவிலோ பட்டாணியிலோ செய்த 'தாவர இறைச்சி'யை ஆசைக்கு வாங்குங்கள், அவசியம் என்று நினைத்து வாங்காதீர்கள்.

கேள்வி: சோயாப்பால் ஊற்றினால் டீ திரிந்துபோகிறதே?

பதில்: சூடும் டிக்காஷனின் புளிப்புத்தன்மையும் சேர்ந்து புரதத்தைத் திரித்துவிடுகின்றன. டிக்காஷனைச் சற்று ஆறவிட்டு, வெதுவெதுப்பான சோயாப்பாலில் மெல்ல ஊற்றுங்கள். அதற்கும் பொறுமை இல்லையா? கருப்பட்டி போட்ட சுக்குக் காபி!

கேள்வி: பாலை விட்டால் எலும்பு என்னாவது?

பதில்: 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. பசும்பாலில் சுமார் 120தான். கவலை வேறிடத்தில் இருக்கிறது. வைட்டமின் பி12-ஐ இலை, காய், பருப்பு எதையும் நம்பி விட்டுவிட முடியாது. அது குறைந்தால் கைகால் மரத்துப்போகும், நரம்பே பாதிக்கப்படும். மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுங்கள். கொள்கையைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கடைச் சோயாப்பாலோ தேங்காய்ப்பாலோ கொடுக்கவே கூடாது.

கேள்வி: சாப்பாட்டைத் தாண்டியும் பார்க்க வேண்டுமா?

பதில்: வேண்டும். லிப்ஸ்டிக்கின் சிவப்பு, கார்மைன் என்ற பூச்சிச் சாயமாக இருக்கலாம். சோப்பு உறையில் 'டாலோவேட்' என்றிருந்தால் அது விலங்குக் கொழுப்பு. தலைக்குச் சீயக்காயும் அரப்பும் போதும். கேப்சூல் உறை பெரும்பாலும் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின்தான். அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் கல்யாணப் பட்டு?

பதில்: பட்டுப்புழு பூச்சியாக மாறி வெளியே வந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால், கூட்டுக்குள் வைத்தே அதை வெப்பத்தில் கொன்றுவிடுகிறார்கள். பீரோவில் இருக்கும் பட்டை நையும்வரை கட்டுங்கள். அடுத்த முகூர்த்தத்துக்குப் பருத்தியில் நல்லதாக ஒன்று எடுங்கள்.