திரை மட்டும் கிடைக்காது சார்

திரை உடைந்த மடிக்கணினியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் முதலில் அனுதாபம், அப்புறம் எஸ்டிமேட். டிஸ்ப்ளே தனியாகக் கிடையாதாம். மூடி, கீல் எல்லாம் சேர்ந்த அசெம்ப்ளிதானாம். பல்வலிக்குப் போனவனுக்குத் தாடையையே மாற்றும் வைத்தியம். "இதுக்குப் புதுசே வாங்கிடலாம் சார்" என்ற ஆறுதல் மட்டும் இலவசம்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் சித்தாந்தமே வேறு. அங்கே மதர்போர்டு செத்த மடிக்கணினிக்கும் அதன் திரைக்காக மதிப்பு உண்டு. மூடியில் மின்னும் பிராண்டை யாரும் சீந்துவதில்லை; பேனலைக் கழற்றித் திருப்பி, பின்னால் ஒட்டிய மாடல் எண்ணைத்தான் படிப்பார்கள். எல்ஜி டிஸ்ப்ளே, ஏயூஓ, பிஓஇ, இன்னோலக்ஸ் என்று திரை செய்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். விளம்பரத்தில் அடித்துக்கொள்ளும் இரண்டு பிராண்டுகளுக்குள் ஒரே தொழிற்சாலையின் பேனல் சமாதானமாகக் குடியிருக்கும்.

"15.6 இன்ச்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் வீட்டில் கனெக்டர் சிரிக்கும். 30 பின்னா, 40 பின்னா, திருகுக் காது எங்கே என்பதெல்லாம் ஜாதகப் பொருத்தத்தைவிடக் கறார். ஓரத்தில் வெள்ளைப் புள்ளி தெரிகிறதே என்றால், "பழகிடும் சார்" என்பார் கடைக்காரர். வாரண்டி? கடை வாசல்வரை.

ஆகவே அங்கேயே மாட்டி, முழு வெள்ளையும் முழுக் கறுப்பும் போட்டுப் பார்த்துவிட்டுக் காசை நீட்டுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் மட்டும் திரை கேபிளில் கைவைக்காதீர்கள். பேக்லைட் ஃபியூஸ் போனால் அடுத்த பில் மதர்போர்டுக்கு.